மண் ஏறாத சந்தை

வடகரைக்காரர்கள் தென்கரை மண்ணை மிதிக்க மாட்டார்கள், தென்கரைக்காரர்கள் வடகரை மண்ணை மிதிக்க மாட்டார்கள், ஆனால் வடகரைக் கத்தரிக்காய் இல்லாமல் தென்கரையில் குழம்பு கொதிக்காது, தென்கரைக் கருவாடு இல்லாமல் வடகரையில் சோறு இறங்காது என்பதால், சந்தை நடு ஆற்றில் நடந்தது. எந்தப் பாட்டன் எதற்காக மிதிக்க மாட்டேன் என்று சொன்னான் என்பது ஒருத்தருக்கும் ஞாபகமில்லை; மிதிக்கக் கூடாது என்பது மட்டும் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. வெள்ளிக்கிழமை விடிந்ததும் இரண்டு கரையிலிருந்தும் தோணிகள் கிளம்பி, ஆறு கடலைப் பார்த்துவிட்டு அகன்று சோம்பிக் கிடக்கிற இடத்தில் கயிறு போட்டுக் கட்டிக்கொள்ளும். வடகரைத் தோணிகள் ஒரு வரிசை, தென்கரைத் தோணிகள் ஒரு வரிசை, நடுவில் ஒரு சாண் தண்ணீர். அந்த ஒரு சாணுக்கு மேலே கை நீளக் கூடாது. கத்தரிக்காயோ கருவாடோ, துடுப்பின் அகன்ற முனையில் வைத்துத்தான் நீட்ட வேண்டும், துடுப்பு முனையிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். கை மேல் கை படக் கூடாது. அதுதான் வழக்கம்.

இரண்டு வருஷத்துக்கு முந்திய ஆனி மாதம், ஒரு பூசணிக்காயால் வந்தது வினை. வடகரைக் கலியமூர்த்தி துடுப்பில் வைத்து நீட்டிய பூசணிக்காய் பாதி வழியில் உருள, தென்கரை ராசாங்கம் பாய்ந்து பிடிக்கப் போக, பூசணிக்காய் தண்ணீரில் விழுந்து கடலைப் பார்த்து மிதந்து போய்விட்டது, ராசாங்கத்தின் கையில் கலியமூர்த்தியின் மணிக்கட்டு இருந்தது. “தொட்டுட்டான்!” என்று வடகரை கத்தியது. “தொட வச்சுட்டான்!” என்று தென்கரை கத்தியது. கருவாடு நறுக்குகிற கத்தி, இளநீர் சீவுகிற அரிவாள், விரால் குத்துகிற ஈட்டி, எல்லாம் கைக்கு எட்டின தூரத்தில்தான் இருந்தன, யாரும் எங்கேயும் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. கலியமூர்த்தியின் அரிவாள் ராசாங்கத்தின் கழுத்தில் இறங்கித் தோள்பட்டை வரை போனது. ராசாங்கத்தின் ஈட்டி கலியமூர்த்தியின் நெஞ்சில் நுழைந்து முதுகு வழியாக வெளியே எட்டிப் பார்த்தது. ஒருத்தன் காது வாழைத்தார் மேல் விழுந்தது, இன்னொருத்தன் முழங்கை தராசுத் தட்டில் விழுந்து தட்டைத் தாழ்த்தியது. ராசாங்கத்தின் மனைவி தனக்கொடி ஐந்து மாத வயிற்றோடு கருவாட்டுக் கூடை மேல் உட்கார்ந்திருந்தாள். எழுந்து கூடையைத் தூக்கி வீசினாள், அதற்கப்புறம் வீச அவளிடம் ஒன்றும் இல்லை. வெட்டிக் களைத்து எல்லாரும் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கின பிறகுதான் கவனித்தார்கள். இருபத்து மூன்று பேர் வெட்டுப்பட்டிருந்தார்கள், ஒருத்தரும் விழவில்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. வெட்டின இடம் கீறி வைத்த பரங்கிக்காய் மாதிரி வாயைத் திறந்து ஈரமாகச் சும்மா கிடந்தது.

ராசாங்கம் சாய்ந்து போன தலையைக் கையால் நிமிர்த்திக்கொண்டு, “என்னடா இது?” என்றான்.

“என்னைக் கேட்டா?” என்ற கலியமூர்த்தி, நெஞ்சிலிருந்து ஈட்டியை உருவி அவனுடையதை அவனுக்கே திருப்பிக் கொடுத்தான். துடுப்பில் வைத்துத்தான் கொடுத்தான்.

காது போனவன்தான் அவசரக்காரன். வைத்தியரைக் கூட்டி வருகிறேன் என்று வடகரைத் துறைக்குத் தோணியை விரட்டி, கரையில் ஒரு கால் வைத்தான். வைத்த காலடியிலிருந்து மேலே ஏறின மாதிரி, அன்றைக்குப் பட்ட அத்தனை வெட்டும் ஒரே நேரத்தில் திறந்து, பிழிந்த துணியாக மணலில் விழுந்தான். அவனுக்குக் காது தவிர வயிற்றிலும் ஒரு வெட்டு இருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. மற்ற இருபத்திரண்டு பேரும் தோணியிலிருந்து அதைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு அவரவர் தோணியில் நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். தண்ணீர் மேல் இருக்கிற வரை வெட்டு வெட்டாகவே நிற்கும், மண் பட்டால் அது தன் வேலையை முடிக்கும் என்பதைச் சாயங்காலத்துக்குள் இரண்டு கரையிலும் சின்னப் பிள்ளைகள்கூடப் பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தன.

இன்ஸ்பெக்டர் வந்தார். பிணம் ஒன்றுதான் இருந்தது, அந்தப் பிணத்தை வெட்டினவன் தன் தொண்டைக்குள் காற்று போய் வரும் சத்தத்தோடு வாக்குமூலம் கொடுத்தான். அவனைக் கைது செய்து கரைக்குக் கொண்டு போனால் போலீஸ் கையில் செத்தான் என்று ஆகிவிடும் என்பதால், இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்து, அரைக் கிலோ சுறாக் கருவாடு வாங்கிக்கொண்டு போய்விட்டார். ரேஷன் கார்டில் முகவரி என்கிற இடத்தில் ‘நடு ஆறு’ என்று எழுதிக் கொடுத்தார்கள். தேர்தல் வந்தபோது ஓட்டுப் பெட்டி தோணி ஏறி வந்தது. வைத்தியர் வந்து தைத்துப் பார்த்தார். தையல் நிற்கவில்லை, புண் ஆறவில்லை, அழுகவும் இல்லை. வலிக்கிறதா என்று கேட்டதற்கு, தும்மினால் மட்டும் வலிக்கிறது என்றார்கள். கரை ஏற முடியாதவர்கள் சந்தையிலேயே தங்கிவிட்டதால், வெள்ளிக்கிழமைச் சந்தை தினச் சந்தையாகிவிட்டது; இருபத்திரண்டு பேருக்கும் ‘தண்ணிக்காரர்கள்’ என்று பேர் வந்தது. இரண்டு கரையும் கட்டின கயிறு கட்டினபடியே கிடந்ததால், வெட்டினவனும் வெட்டுப்பட்டவனும் பக்கத்துப் பக்கத்துத் தோணியில், ஒரு சாண் இடைவெளியில் குடித்தனம் நடத்த வேண்டியதாயிற்று. ராசாங்கமும் கலியமூர்த்தியும் காலையில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வார்கள், மத்தியானம் துடுப்பில் வைத்துச் சீட்டு ஆடுவார்கள், சாயங்காலம் மறுபடியும் திட்டிக்கொள்வார்கள்.

இரண்டாவது மாதம் தென்கரையான் ஒருத்தன் மடியில் ஒரு மண்ணாங்கட்டியை மறைத்து வந்து, சரியாகக் குறி பார்த்து, தொடையில் வெட்டுப்பட்ட ஒரு வடகரைக்காரன் மேல் எறிந்தான். அந்த ஆள் கொய்யாப்பழம் கடித்துக்கொண்டிருந்தவன், கடித்த பழம் வாயில் இருக்கும்போதே தோணி நிறைய ரத்தமாகிப் போனான். அடுத்த நாள் தென்கரைக்காரர்கள் இரண்டு பேர் அதே மாதிரி போனார்கள். அப்புறம்தான் இரண்டு கரைப் பெரியவர்களும், பாட்டன் காலத்துக்குப் பிறகு முதல்முறையாக, எதிரெதிர்த் தோணியில் உட்கார்ந்து பேசினார்கள். தண்ணீர் மேல் மண் வரக் கூடாது என்று முடிவாயிற்று. வேர்க்கடலையும் கிழங்கும் துறையிலேயே மூன்று தரம் கழுவி வர வேண்டும். பூந்தொட்டி கூடாது. செருப்பு கூடாது. பானை மண்தானே என்று ஒருத்தர் கேட்க, சுட்டது மண்ணில்லை என்று சொல்லி, ஒரு தண்ணிக்காரன் தொடை வெட்டில் பயந்து பயந்து ஒரு பானையோட்டுச் சில்லை வைத்துப் பார்த்தும் விட்டார்கள். விபூதி? அது சாம்பல். உப்பு? அது கடல். இப்படி ஒரு பகல் முழுக்க எது மண், எது மண்ணில்லை என்று உலகத்திலுள்ள அத்தனையையும் பிரித்து வைத்தார்கள். கடைசியாகத் தண்டனை. யார் கொண்டு வந்த மண்ணால் ஒருத்தர் சாகிறாரோ, அவரைச் செத்தவர் வீட்டார் தண்ணீர் மேலேயே ஒரு வெட்டு வெட்டலாம். அதன்பின் அவரும் கரை ஏற முடியாது. தெரிந்து கொண்டு வந்தாலும் சரி, தெரியாமல் கொண்டு வந்தாலும் சரி.

துறைக்கு ஒருத்தி சோதனை போட வேண்டும் என்று ஆனபோது, வடகரைத் துறைக்குக் கலியமூர்த்தியின் மனைவி செங்கமலமும், தென்கரைத் துறைக்குத் தனக்கொடியும் அமர்ந்தார்கள். தண்ணீர் மேல் புருஷன் இருக்கிறவளை விடவா வேறொருத்தி கவனமாகப் பார்த்துவிடப் போகிறாள்? தனக்கொடி பிள்ளை பெற்ற இருபதாம் நாளே துறைக்கு வந்துவிட்டாள். நகக் கண், காது மடல், வேட்டி மடிப்பு, கூடைப் பின்னல், மாட்டுக்காரனின் முழங்கால் என்று ஒன்று விடாமல் பார்ப்பாள். “ஏ சித்தப்பா, இந்தப் பித்தவெடிப்புல ஒரு போகம் நெல்லு நடலாம், போய் இன்னொரு தரம் கழுவிட்டு வா” என்பாள். அவள் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை, சிரித்துக்கொண்டே கழுவப் போவார்கள். அக்கரையில் செங்கமலமும் அப்படியே. இரண்டு பெண்களும் ஆற்றுக்குக் குறுக்கே ஈரத்துணியை உதறிக் காட்டிக்கொள்வார்கள். என் பக்கம் சுத்தம், உன் பக்கம்? மற்றபடி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

இத்தனை கவனமான தனக்கொடிக்குப் பிறந்த பெண், காமு, மண் தின்றது.

தவழத் தொடங்கின நாளிலிருந்து தின்றது. சுவர்க் காரை, அடுப்படி மண், மாட்டுக் கொட்டகைப் புழுதி, கோயில் வாசல் செம்மண், எல்லாவற்றையும் ருசி பார்த்து, செம்மண்ணுக்கு மட்டும் கண்ணை மூடிக்கொள்ளும். வேப்பெண்ணெய் தடவினாள், வேப்பெண்ணெயோடு சேர்த்துத் தின்றது. கையில் துணியைச் சுற்றிக் கட்டினாள், நாக்கை நீட்டித் தரையை நக்கியது. அதனால் ராசாங்கம் மகளைத் தொட்டதே இல்லை. வாரம் ஒரு தரம் தனக்கொடி பிள்ளையைத் துறையில் தூக்கிக் காட்டுவாள். அங்கிருந்து அவன் சிவப்புத் துண்டு கட்டின கழுத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையை ஆட்டுவான். பதினாறு மாதம் ஆயிற்று. “எம் மவ எம்மாங் கனம் இருப்பா தனம்?” என்று ஒருநாள் அவன் கேட்டான். “ஒரு நடுத்தரப் பூசணி” என்று அவள் சொல்லிச் சிரித்தாள், அவன் சிரிக்கவில்லை. அன்றைக்கு அவள் முடிவு செய்தாள், ஒரே ஒரு தரமாவது இவன் மடியில் இவளை வைத்துவிட வேண்டும் என்று.

செய்ய வேண்டியதை முறையாகச் செய்தாள். மூன்று நாள் பிள்ளையைத் தரையில் விடவில்லை, இடுப்பு அல்லது தொட்டில். உள்ளே போன மண் என்ன ஆவது என்று முதல் இரண்டு நாள் விளக்கெண்ணெய் கொடுத்தாள். ஒவ்வொரு துணியையும் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். ஆறாவது துணி சுத்தமாக இருந்தது. நகம் வெட்டினாள். நாக்கை வழித்தாள். தலையை ஈர்வலியால் வாரினாள். வெள்ளிக்கிழமை காலையில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வைத்து ஊற்றி, மடிப்பு மடிப்பாகத் தேய்த்துவிட்டு, அப்பனைப் பார்க்கப் போகிற பிள்ளை பளிச்சென்று இருக்கட்டும் என்று அரைஞாண் கயிற்றில் கிடந்த செப்புத் தாயத்தையும் புளி போட்டுத் தேய்த்துப் பொன்னாக்கினாள்.

அந்தத் தாயத்தில் எல்லைக் கருப்பு கோயில் மண் இருந்தது. போன வருஷம் மாமியார்தான் ஒரு சிட்டிகை செம்மண் எடுத்து அடைத்து, அரக்கு வைத்து மூடிக் கட்டினாள். கட்டினவளுக்கும் தெரியும், தேய்த்தவளுக்கும் தெரியும். ஆனால் அது மண் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. அது சாமி. பெரியவர்கள் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பிரித்து வைத்தார்களே, அந்தப் பேச்சிலும் சாமியை யாரும் எந்தப் பக்கமும் வைக்கவில்லை.

துறையில், தன் பிள்ளையைத் தானே சோதிப்பது முறையில்லை என்று மாமியாரைப் பார்க்கச் சொன்னாள். மாமியார் பேத்தியின் தொடை மடிப்பைக்கூட விரித்துப் பார்த்து, “வெங்கலச் செம்பு கணக்கா இருக்கா, கூட்டிட்டுப் போ” என்றாள். தோணி நகர்ந்தது.

சந்தை நல்ல சூட்டில் இருந்தது. கழுவின கிழங்குகள் வெட்கமில்லாமல் பளபளத்தன. டீத் தோணியில் ஸ்டவ் சீறியது. முழங்கை இல்லாதவன் மல்லிகைப்பூவை வாயால் முழம் போட்டுக்கொண்டிருந்தான். தொண்டையில் காற்றுப் போகிறவன் மீன் விலையைக் கூவ, கூவல் பாதி வாய் வழியாகவும் பாதி கழுத்து வழியாகவும் வந்தது. நூறு துடுப்புகள் நீண்டு, சுமந்து, திரும்பிக்கொண்டிருந்தன. தனக்கொடி இடுப்பில் பிள்ளையோடு வருவதைப் பார்த்ததும் துடுப்புகள் ஒவ்வொன்றாக நின்றன.

ராசாங்கம் எழுந்து நிற்க முயன்று, தலை சாய, உட்கார்ந்துகொண்டான். தனக்கொடி பிள்ளையை அவன் மடியில் வைத்தாள். காமு அவன் முகத்தைப் பார்த்தது, கழுத்துத் துண்டைப் பார்த்தது, துண்டைப் பிடித்து இழுத்து உள்ளே எட்டிப் பார்த்தது.

“பயப்படல பாரு” என்றான் அவன்.

“எதுக்குப் பயப்படணும்? அப்பன் வூட்டு வாசக் கதவு” என்றாள் தனக்கொடி.

அவன் மகளை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தான், இறக்கினான், மறுபடியும் தூக்கிப் பார்த்தான். “பூசணிக்கு மேல இருக்காளே” என்றான்.

ஒரு சாணுக்கு அந்தப் பக்கம் கலியமூர்த்தி துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பிள்ளை இல்லை. அவன் நெஞ்சு ஓட்டை வழியாகப் பின்னால் உட்கார்ந்திருந்த செங்கமலத்தின் நீலப் புடவை தெரிந்தது. அவள் வெள்ளிக்கிழமை மட்டும் துறையை இன்னொருத்தியிடம் விட்டுவிட்டுப் புருஷனோடு கத்தரிக்காய் விற்க வருவாள். காமுவுக்கு அந்த நீலம் கண்ணில் பட்டுவிட்டது. ஒரு ஆள் நடுவில் ஜன்னல் இருப்பதை அது அதற்கு முன் பார்த்ததில்லை. கையை நீட்டி, “அது, அது” என்றது.

“என்னடா தென்கரையான், உம் மவ எங்கிட்ட வர்றேங்கறா” என்றான் கலியமூர்த்தி.

“நீ குத்துப்பட்ட அழகைப் பாக்கணுமாம். நான்தானே குத்துனேன், பெருமையா இருக்காதா?” என்றான் ராசாங்கம்.

“கொஞ்சம் குடுறா.” அதை அவன் மெதுவாகச் சொன்னான். “துடுப்புல வச்சே குடு. கை படாது.”

ராசாங்கம் தனக்கொடியைப் பார்த்தான். தனக்கொடி செங்கமலத்தைப் பார்த்தாள். செங்கமலம் எழுந்து வந்து தோணி விளிம்பில் குந்தினாள், பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகத் தன் கத்தரிக்காய்க் காம்பு நுனியால் பிரித்துப் பார்த்தாள், வாயைத் திறக்கச் சொன்னாள், பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஆற்றுக்குக் குறுக்கே சைகை மட்டும் காட்டிக்கொண்டிருந்தவள் முதல்முறையாகத் தனக்கொடியிடம் வாய் திறந்தாள். “சுத்தமாத்தான் வச்சிருக்க.” அதைச் சொன்னபோது தாயத்து வெயிலில் மின்னியது. நன்றாகத் தேய்த்திருக்கிறாள் என்றுகூட நினைத்தாள்.

துடுப்பின் முனையில் காமு உட்கார்ந்து, கம்பைக் கட்டிக்கொண்டு, கக்கென்று சிரித்தபடி அந்த ஒரு சாண் தண்ணீரைத் தாண்டியது. பாட்டன் காலத்திலிருந்து தாண்டின முதல் உயிர். சந்தையில் ஒருத்தர் கை தட்டினார், அப்புறம் எல்லாரும் தட்டினார்கள். கலியமூர்த்தியின் மடிக்குப் போனதும் முதல் வேலையாக அது ஓட்டைக்குள் விரலை விட்டது. அவனுக்குக் கூச்சம் தாங்கவில்லை, நெளிந்தான், சிரித்தான், அவன் சிரிக்கச் சிரிக்க ஓட்டையின் ஓரங்களும் சிரித்தன. செங்கமலம் பின்பக்கத்திலிருந்து குனிந்து ஓட்டை வழியாக “பே” காட்டினாள். பிள்ளை உடம்பைக் குலுக்கிச் சிரித்தது. பல் முளைக்கிற வயசு இல்லையா, சிரித்து முடித்ததும் கையில் அகப்பட்டதை எடுத்து வாயில் வைத்துக் கடித்தது. தாயத்து. காலையில் ஊற்றின வெந்நீரிலும் புளித் தேய்ப்பிலும் இளகிப் போயிருந்த அரக்கு, இரண்டு பால்பல்லுக்கே விட்டுக்கொடுத்தது. மூடி கழன்றது. சிவப்பாக ஒரு சிட்டிகை அதன் உள்ளங்கையில் விழுந்தது. காமு அதைப் பார்த்தது, மூடிக்கொண்டது, கண்ணையும் மூடிக்கொண்டது.

அந்தக் கண் மூடலைத் தனக்கொடிக்குத் தெரியும். “மண்ணு!” என்று அலறினாள்.

சந்தை உறைந்தது. அப்புறம் நூறு வாய் ஒன்றாகத் திறந்தது. “தூக்கி எறிடா! ஆத்துல எறிடா அதை!” என்று வடகரை கத்தியது. எறிந்திருக்கலாம். பிள்ளையை எறிந்தால் கலியமூர்த்தி பிழைப்பான். கையைத் தட்டிவிட்டிருக்கலாம், ஆனால் காற்று வடக்கே இருந்து அடித்தது, தட்டிவிட்டால் தூசி நேரே ராசாங்கத்தின் கழுத்துக்குப் போகும். கலியமூர்த்தி அந்தச் சின்ன முஷ்டி வாய்க்குப் போவதைப் பார்த்தான். தன் பெரிய கையால் அதைப் பொத்திப் பிடித்தான். விரல்களுக்கு நடுவே உரசி, மண் அவன் உள்ளங்கைக்கு மாறியது. அவன் அதை இறுக்கி மூடிக்கொண்டான். ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்க யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. இரண்டு வருஷத்து ரத்தம் முன்னாலும் பின்னாலும் ஒரே நேரத்தில் பீய்ச்சி அடித்து, காமுவின் புதுச் சட்டை, கத்தரிக்காய்க் கூடை, செங்கமலத்தின் முகம், எல்லாம் ஒரே நிறமாயிற்று. “பூசணியேதான்டா” என்று ராசாங்கத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவன் மல்லாந்தான். மூடின கை மூடினபடியே இருந்தது.

அப்புறம் நடந்ததைச் சொல்லச் சிரமமில்லை, முன்பே ஒருமுறை நடந்ததுதான். “பிள்ளைக்குள்ள மண்ணை வச்சு அனுப்பிக் கொன்னுட்டாளுங்க!” என்று ஒரு குரல், “சாமி மண்ணுடா, சாமியே பழி வாங்குச்சு!” என்று எதிர்க்குரல், அரிவாள்கள் எழுந்தன. மல்லிகை விற்றவனின் மிச்சமிருந்த கையும் போனது. ஸ்டவ் கவிழ்ந்து டீத் தோணி பற்றி எரிந்தது. ஒருத்தன் முதுகு முறத்தைப் போல விரிந்தது, ஒருத்தன் தாடை கழன்று, கழன்ற தாடையைக் கையில் பிடித்துக்கொண்டே அடுத்தவனை வெட்டினான். கரை ஏறிப் பிழைக்க இனி வழியில்லை என்று தெரிந்தவர்கள் எதற்கும் துணிந்து வெட்டினார்கள். தனக்கொடி இவற்றுக்கு நடுவே ஒரு சாண் தண்ணீரைத் தாண்டினாள். துடுப்பில்லாமல், வெறுங்காலோடு, வடகரைத் தோணிக்குள் இறங்கி, ரத்தத்தில் வழுக்கி விழுந்து, எழுந்து, பிள்ளையை வாரித் தலைகீழாகப் பிடித்து, வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினாள். ஒன்றுமில்லை. ஒரு துகள் உள்ளே போகவில்லை.

“நிறுத்துங்கடா!” என்றாள் செங்கமலம்.

அவள் கத்தவில்லை. புருஷன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, இளநீர் சீவுகிற அரிவாளைக் கையில் எடுத்திருந்தாள். “செத்தது எம் புருஷன். சட்டம் எனக்கு இருக்கு. நீங்க யாரு நடுவுல?”

அரிவாள்கள் தயங்கி இறங்கின. சட்டம் இருக்கிறது என்பது அப்போதுதான் எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், அதைத் தினமும் காலையில் தென்கரைத் துறையில் உரக்கச் சொல்லிக்காட்டுகிறவள் தனக்கொடிதான். தெரிந்து கொண்டு வந்தாலும் சரி, தெரியாமல் கொண்டு வந்தாலும் சரி.

“நான் கட்டல, நான் தேச்சுத்தான் விட்டேன்” என்றாள் தனக்கொடி. பிறகு, “எப்படியானாலும் நான்தான் கொண்டாந்தேன்” என்றாள்.

“என்னை வெட்டு” என்று ராசாங்கம் அந்தப் பக்கமிருந்து கெஞ்சினான். “ஏத்தா, உன் கால்ல விழுறேன், என்னை வெட்டு.”

“உன்ன வெட்ட எங்க இடமிருக்கு?” என்ற செங்கமலம் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தனக்கொடியைப் பார்த்தாள். “நானும்தானே பார்த்தேன். வெரலு வெரலாப் பார்த்தேன். இது கண்ணுல படல.” தாயத்தின் காலிக் குப்பியை அரிவாள் நுனியால் தொட்டாள். “ஆனா வெட்டாம நான் எப்படிக் கரை ஏறுவேன்? நாளைக்கு எவன் சட்டத்துக்குப் பயப்படுவான்?”

“வெட்டு. வேணாங்கல” என்றாள் தனக்கொடி. கணக்காகத்தான் யோசித்தாள். “வலது தோள்ல வெட்டு. இடது இடுப்பு எனக்கு வேணும், பிள்ளை அங்கதான் ஒக்காரும். மாருல வேணாம், இன்னும் பால் குடிக்கறா.”

செங்கமலம் தலையசைத்தாள். “பிள்ளைய அப்பங்கிட்ட குடு. பாக்கக் கூடாது.”

தனக்கொடி காமுவைத் தூக்கி, ஒரு சாண் தண்ணீருக்கு மேலே நேராகக் கையை நீட்டி, ராசாங்கத்தின் கையில் கொடுத்தாள். துடுப்பை யாரும் எடுத்து வரவில்லை, வேண்டும் என்றும் யாரும் சொல்லவில்லை. அவன் மகளின் முகத்தைத் தன் நெஞ்சில் அமுக்கிக்கொண்டான். தனக்கொடி திரும்பி உட்கார்ந்து, சேலையை ஒதுக்கி, கிழியாமலிருக்க ஜாக்கெட்டை இறக்கிவிட்டு, தோளைக் காட்டினாள். அரிவாள் எழுந்தது. தனக்கொடி சொன்ன இடத்திலேயே, எலும்பு தட்டுகிற சத்தம் கேட்க, செங்கமலம் ஒரே வெட்டாக வெட்டினாள். முதலில் குளிர்ந்தது, பிறகு காற்று உள்ளே போவது தெரிந்தது, அப்புறம் ஒன்றுமில்லை. தனக்கொடி கழுத்தைத் திருப்பித் தன் தோளுக்குள் எட்டிப் பார்த்தாள். “மாமா” என்றாள் ராசாங்கத்திடம், “உனக்கு ஒரு துண்டு இருந்தா எனக்கும் கிழிச்சுக் குடு.”

கலியமூர்த்தியை வடகரையில் புதைத்தார்கள். அந்தக் கையைத் திறக்க இரண்டு பேர் முயன்றார்கள், முடியவில்லை. உடைக்கலாமா என்று கேட்டதற்குச் செங்கமலம் வேண்டாம் என்றாள். தென்கரை எல்லைக் கருப்பு கோயில் மண், ஒரு சிட்டிகை, அவன் கைக்குள் பத்திரமாக வடகரை மண்ணுக்குள் போயிற்று. அதை யார் மிதிக்கலாம், யார் மிதிக்கக் கூடாது என்று இரண்டு கரைப் பெரியவர்களும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள், முடிவுக்கு வரவில்லை. அன்றைக்கு வெட்டுப்பட்ட ஒன்பது பேருக்குப் புதிய ரேஷன் கார்டு வந்துவிட்டது.

தென்கரைத் துறையில் இப்போது மாமியார் சோதனை போடுகிறாள், முதலில் தாயத்தைத்தான் அவிழ்க்கச் சொல்கிறாள். காமு தோணியில் வளர்கிறது. வெட்டுப்படாத பிள்ளை, எப்போது வேண்டுமானாலும் கரை ஏறலாம், பள்ளிக்கூடம் சேர்க்கும் வயசில் ஏற்றிவிடுவோம் என்று தனக்கொடி திட்டம் போட்டு வைத்திருக்கிறாள். அதுவரை தண்ணீர் மேல் பொறுக்கித் தின்ன ஒன்றுமில்லை. முதல் பத்து நாள் தோணிப் பலகையை நக்கிப் பார்த்து ஏமாந்து அழுதது, பிறகு சோறு தின்னப் பழகிவிட்டது.

பதினாறாம் நாள் முடிந்து வந்த வெள்ளிக்கிழமை, செங்கமலம் பழைய இடத்தில் தோணியைக் கட்டினாள். நெற்றியில் ஒன்றுமில்லை, கூடையில் கத்தரிக்காய். ராசாங்கம் தலையைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான். தனக்கொடியின் இடது கை, கருவாடு நறுக்குகிற கத்தி மேல் போய் உட்கார்ந்தது. செங்கமலம் அதைப் பார்த்தாள், பார்த்துவிட்டு, ஒரு சாண் தண்ணீருக்கு மேலே கையை நீட்டி, காமுவின் மூடின கையைப் பிடித்தாள். கட்டை விரலைப் பிரித்தாள். ஆள்காட்டி விரலைப் பிரித்தாள். ஒவ்வொன்றாக ஐந்தையும் பிரித்து, உள்ளங்கையை வெயிலில் திருப்பிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. மூன்று தரம் கழுவின ஒரு பிஞ்சுக் கத்தரிக்காயை அதில் வைத்து, விரல்களைத் திரும்ப மூடிவிட்டாள்.

“கருவாடு என்ன இருக்கு?” என்று கேட்டாள்.

தனக்கொடி கத்தியிலிருந்து கையை எடுக்காமலே, “சுறா இருக்கு, நெத்திலி இருக்கு” என்றாள்.